சோலார் மாடலிங் வேலைக்கு அபிராமத்திலிருந்து ஒரு குறுக்கு வழி

கமுதி பக்கம் செங்கப்படை சோலார் பிளான்ட்டில் பேனல் துடைக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒரு தகவல். அந்த வேலையை ரோபோ செய்கிறது. 2016-லிருந்தே செய்கிறது. அதற்கும் சார்ஜ் ஏற்றுவது சோலார்தான்.

அபிராமத்தில் கமுதி பஸ் ஏறுகிறவர்களுக்கு அந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், 648 மெகாவாட், 4,550 கோடி ரூபாய். 2016 செப்டம்பர் 21-ல் அர்ப்பணித்தபோது ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்றார்கள். கட்டும்போது 8,500 பேர் வேலை செய்தார்கள். எட்டே மாதம். அதன் பிறகு அந்தக் கூட்டம் கலைந்தது. டீக்கடைக்காரரைக் கேளுங்கள், அந்த எட்டு மாதம் மாதிரி வியாபாரம் திரும்ப வரவில்லை என்பார்.

ஆனால் ஒரு நாற்காலி மட்டும் கலையவில்லை. அது சென்னையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் வருஷா வருஷம் கூடிக்கொண்டே இருக்கிறது. அடுத்த பத்து வருஷத்தில் எத்தனை வீடு, எத்தனை மில், எத்தனை பம்ப்செட் சோலாருக்கு மாறும்? அரசு மானியத்தை ஏற்றினால் அந்த எண் எவ்வளவு கூடும், ஒரு விதியை மாற்றினால் எவ்வளவு குறையும்? இதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறவரின் நாற்காலி அது. அடாப்ஷன் மாடலிங் என்பார்கள். மின்வாரியத்துக்கு இது வேண்டும், கடன் கொடுக்கும் வங்கிக்கு வேண்டும், பிளான்ட் போடும் கம்பெனிக்கு வேண்டும். 2070-க்குள் நெட் ஜீரோ என்று கிளாஸ்கோவில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த அரசுக்கும் வேண்டும்.

உங்களோடு போட்டிக்கு வருகிறவன் ஐஐடி-யில் படித்தவன். கோடிங் உங்களைவிட நன்றாக வரும், இங்கிலீஷ் சரளமாக வரும். அதில் போய் அவனோடு மல்லுக்கட்டாதீர்கள். கமுதி தாலுகாவில் ஒரு வீட்டுக்காரர் மொட்டை மாடியில் பேனல் ஏன் வைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதை எண்ணாக்கத் தெரிந்தால் போதும், விலை போகும்.

1. ஜார்கனைப் பார்த்து மிரளாதீர்கள்

எல்லா அடாப்ஷன் மாடலுக்கும் அடியில் ஒரு எளிய படம் இருக்கிறது. முதலில் மெதுவாக ஏறி, நடுவில் சடாரென்று எழும்பி, மேலே போய்ச் சமதளமாகும் எஸ் வடிவ வளைவு. இதை ஃபிராங்க் பாஸ் 1969-ல் ஒரு சமன்பாடாக எழுதினார். அதில் முக்கியமான எண்கள் இரண்டு. ஒன்று, விளம்பரத்தையோ அரசு அறிவிப்பையோ பார்த்துத் தானாகவே வாங்குகிறவர்களின் வேகம். இன்னொன்று, பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்குகிறவர்களின் வேகம். உங்கள் தெருவில் முதல் இன்வெர்ட்டர் வந்த வீட்டையும், அடுத்த கோடையில் வந்த ஆறு இன்வெர்ட்டரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாடல் முழுக்க அதுதான்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆய்வுகளின் சராசரியாக 0.03, 0.38 என்று இரண்டு எண்கள் புத்தகத்தில் கிடைக்கும். கேண்டிடேட்கள் அதை அப்படியே மாடலில் தூக்கிப் போட்டுவிட்டு இன்டர்வியூவில் வந்து உட்காருவார்கள். பாஸ் தன் சமன்பாட்டைப் பரிசோதித்தது டிவி, ஏசி, துணி உலர்த்தும் மெஷின் மாதிரி பொருட்களில். அவற்றை வாங்க ஈபி அப்ரூவல் வேண்டாம். "ஏன் 0.38?" என்று கேட்டால் பதில் இல்லாதவர் அத்தோடு அவுட்.

2. வெயிலை விடுங்கள், அரசாணைத் தேதியைப் பிடியுங்கள்

கமுதி பிளான்ட்டை ஏன் எட்டு மாதத்தில் கட்டினார்கள்? வெயில் எங்கேயும் ஓடிப்போகாது. அவசரப்படுத்தியது ஒரு தேதி. தமிழ்நாடு 2012-ல் சோலார் கொள்கை கொண்டுவந்து, 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று டார்கெட் வைத்தது. 2014-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டுக்கு 7.01 ரூபாய் என்று விலை நிர்ணயித்தது. அந்த விலை 2016 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. மறுநாளிலிருந்து 5.10. ஒரு ராத்திரியில் யூனிட்டுக்கு 1.91 ரூபாய் போகிறது என்றால் எந்த முதலாளி தூங்குவார்?

பிறகு நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் 2.44 ரூபாய்க்கு இறங்கியது. அதே வருஷம் தமிழ்நாட்டு டெண்டர் 3.47-ல் முடிந்தது. உலக அளவில் மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் பேனல் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்திருக்கிறது. இந்த லேர்னிங் கர்வைப் பாடப்புத்தகம் சொல்லித்தரும். 2022 ஏப்ரலில் இறக்குமதி பேனலுக்கு 40 சதவீதம் சுங்கவரி போட்டதைப் பாடப்புத்தகம் சொல்லாது. வளைவு வழவழவென்று இறங்குவது உலகச் சந்தையில்தான். நம்மூரில் அது படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு அரசாணைத் தேதி இருக்கும்.

ஆகவே இன்றே ஒரு எக்செல் ஷீட் திறங்கள். தேதி, உத்தரவு, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று நான்கு காலம் (column). 2012-லிருந்து நிரப்புங்கள். 2023-ல் அறிவிக்கப்பட்ட கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம், 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம், 2025 ஜூனோடு முடிந்த மாநிலம் தாண்டும் மின்கடத்தல் கட்டண முழு விலக்கு, எல்லாம் வர வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுகள் இணையத்தில் இலவசம். படிக்கப் போர் அடிக்கும். அதனால்தான் படித்தவனுக்கு மதிப்பு.

இதில் ஒரு உள் விஷயம் உண்டு. 648 மெகாவாட் முழுத் திறனில் 19 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 108 கோடி யூனிட் வரும். ஆனால் உற்பத்தி செய்ய முடிந்ததையெல்லாம் கிரிட் வாங்கிக்கொள்ளும் என்று யார் சொன்னது? தமிழ்நாட்டில் சோலார் நிலையங்களைக் குறைத்து ஓட்டச் சொன்ன வழக்கு மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. கிரிட் பாதுகாப்பு அல்லாத காரணத்துக்காகக் குறைக்கச் சொன்னால் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2021 ஆகஸ்ட்டில் தீர்ப்பு வந்தது. எத்தனை மெகாவாட் நட்டார்கள் என்பது ஒரு எண். எத்தனை யூனிட் வாங்கிக்கொண்டார்கள் என்பது வேறு எண். இரண்டையும் ஒன்றாக எழுதுகிற ரிப்போர்ட்டை நான் மூன்றாவது பக்கத்தில் மூடிவிடுவேன்.

3. சராசரி என்ற பள்ளத்தில் விழாதீர்கள்

இது நான் விழுந்த பள்ளம். என் முதல் மாடலில் ஒரு ஊர் முழுக்க வீட்டு மின்பயன்பாட்டைக் கூட்டி, வீடுகளால் வகுத்து, ஒரு சராசரி வீட்டை உண்டாக்கினேன். கிராப் அழகாக வந்தது. மேனேஜர் ஒரே கேள்வி கேட்டார்: "இந்தச் சராசரி வீட்டுக்காரர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்?" அன்று சாயங்காலம் வரை யாரிடமும் பேசவில்லை.

நீங்கள் விழ வேண்டாம். அபிராமத்தில் ஒரு தெருவில் பத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். எட்டு வீட்டில் ஃபேன், லைட், டிவி, மிக்ஸி. இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். 100 யூனிட் இலவசம் போக, 2024 ஜூலைக் கட்டணத்தில் பில் 200 ரூபாயைத் தாண்டாது. மீதி இரண்டு வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் ஏசி, ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். பில் ஏறத்தாழ 6,000 ரூபாய்.

இப்போது 2 கிலோவாட் பேனல் போடலாமா என்று கேட்போம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் 60,000. அது போகக் கைக்காசு 70,000 ரூபாய் என்று வையுங்கள். ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தந்தால் இரண்டு மாதத்தில் 480 யூனிட்.

ஏசி வீட்டுக்கு 900 யூனிட் 420 ஆகிறது. 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் அட்டவணையே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியதால் பில் 1,500 ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. வருஷத்துக்கு 25,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். போட்ட காசு மூன்று வருஷத்துக்குள் திரும்பிவிடும்.

ஃபேன் வீட்டுக்கு? மிச்சமாவது இரண்டு மாதத்துக்கு 200 ரூபாய்கூட இல்லை. 70,000 திரும்ப ஏறத்தாழ 60 வருஷம். பேனலின் ஆயுளே 25 வருஷம்தான்.

பத்து வீட்டையும் கூட்டிச் சராசரி எடுங்கள். 324 யூனிட். அந்தக் கற்பனை வீட்டுக்குக் காசு திரும்ப 14 வருஷம் போல ஆகும். அவ்வளவு காலம் யார் காத்திருப்பார்கள்? ஆகவே மாடல் சொல்கிறது, இந்தத் தெருவில் ஒருவரும் பேனல் போட மாட்டார். நிஜத்தில் இரண்டு பேர் இந்த வருஷமே போடுவார்கள். எட்டுப் பேருக்கு மானியத்தை இன்னும் 10,000 ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது. மானியம் என்ற திருகாணியைத் திருகினால் எந்த வீடு அசையும், எந்த வீடு அசையாது என்று பிரித்துச் சொல்கிறவர்தான் பாலிசி மாடலர். மற்றவரெல்லாம் கிராப் போடுகிறவர்.

இன்னும் ஒரு படி உள்ளே போங்கள். அந்த இரண்டு ஏசி வீட்டுக்காரர்கள்தான் ஈபி-க்கு நல்ல விலை கொடுக்கும் கஸ்டமர். அவர்கள் சோலாருக்குப் போனால் வாரியத்தின் வருமானம் எங்கே அடிபடும்? இந்தக் கேள்வியை இன்டர்வியூவில் நீங்களே எழுப்புங்கள். எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

4. எக்செல்லில் காலம் இல்லாத காரணங்களைச் சேகரியுங்கள்

ஐஐடி நண்பனைத் தோற்கடிக்கும் இடம் இது. பணம் இருந்தும், வெயில் இருந்தும், மூன்று வருஷத்தில் காசு திரும்பும் என்று தெரிந்தும் பேனல் போடாத வீடு இருக்கும். ஏன்? மின் இணைப்பு இன்னும் காலமான தாத்தா பெயரில் இருக்கும். பெயர் மாற்றாமல் மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. மாற்றப் போனால் மற்ற வாரிசுகளின் சம்மதத்தைக் கேட்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில், ஒருவர் பேசுவதில்லை. இன்னொரு வீட்டில் மாடியில் வத்தல் காயப் போட வேண்டும். வேறொன்று வாடகை வீடு. பில் கட்டுவது குடியிருப்பவர், மாடி வீட்டுக்காரருடையது. அடுத்தது ஓட்டு வீடு.

இவற்றை "மற்ற தடைகள்" என்று ஒரே வரியில் மூட்டை கட்டுவார்கள். நீங்கள் எண்ணுங்கள். உங்கள் ஊரில் நேரில் போய்ப் பார்க்கும் நாற்பது வீட்டில் எத்தனை இணைப்பு இறந்தவர் பெயரில்? எத்தனை வாடகை? எத்தனை ஓடு? அந்த மூன்று விகிதங்களும் கையில் இருந்தால், உங்கள் வளைவு எந்த உயரத்தில் சமதளமாகும் என்று சொல்ல முடியும். மாடலில் மிகவும் அலட்சியமாக நிரப்பப்படும் எண் அந்த உச்சவரம்புதான்.

சம்சாரிகள் விஷயம் சுருக்கமாக. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். இணைப்பு உள்ளவருக்குச் சோலார் பம்ப் எதற்கு? இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவரிடம்தான் டிமாண்ட் இருக்கிறது. பம்ப்செட் எண்ணிக்கையை எடுக்காதீர்கள், வெயிட்டிங் லிஸ்ட்டை எடுங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவர்களையும் மறக்காதீர்கள். எனர்ஜி மாறும்போது யாருடைய கூலி நிற்கும் என்று கேட்கிற இன்டர்வியூ பேனல் மெம்பர் ஒருவராவது இருப்பார்.

5. டூல் மூன்று போதும்

எக்செல் முதலில். ஏளனம் வேண்டாம், பாஸ் மாடலையும் மேலே போட்ட பத்து வீட்டுக் கணக்கையும் எக்செல்லிலேயே செய்யலாம். அடுத்து பைத்தான். மூன்றாவதாக ஒரே ஒரு எனர்ஜி மாடல்: ஓப்பன் சோர்ஸான ஓஸ்மோசிஸ் அல்லது பைப்சா, இல்லையென்றால் லீப். எல்லாம் மாணவர்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கும். பேனல் எத்தனை யூனிட் தரும் என்று பார்க்க அமெரிக்காவின் என்ஆர்ஈஎல் ஆய்வகம் வெளியிட்ட சாம் என்ற மென்பொருள் இலவசம். ரெஸ்யூமேயில் பன்னிரண்டு மென்பொருள் பெயர் எழுதியவரிடம் நான் பன்னிரண்டாவதைப் பற்றித்தான் கேட்பேன். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

6. ஒற்றை எண் சொல்லாதீர்கள்

"2035-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் இத்தனை வீட்டில் பேனல் இருக்கும்" என்று தைரியமாக ஒரு எண் சொல்வது ஸ்மார்ட் என்று நினைக்கிறார்கள். புதுசாக வந்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு, இடைவெளிக்குக் காரணம் இந்த ஒரு அசம்ப்ஷன் என்று சொல்லுங்கள். மூன்றாவது பகுதிதான் சம்பளம்.

நம் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. திருவாடானைப் பக்கம் உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் வரும் என்று எல்லாத் திட்ட அட்டவணையிலும் இருந்தது. கட்டுமானமும் நடந்தது. 2021-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, வேலை நின்றது. அதற்கு முன் மாடல் போட்டவர்கள் உப்பூரை நிச்சயம் என்ற காலத்தில்தான் எழுதியிருப்பார்கள். நிச்சயம் என்ற காலத்தை உங்கள் ஷீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்டர்வியூவில் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் தப்பில்லை, ஆனால் எங்கே தேடினால் கிடைக்கும் என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மத்திய மின்சார ஆணையம், ஒழுங்குமுறை ஆணையம், வாரியத்தின் ஆண்டறிக்கை. இந்த மூன்று பெயரும் தடுமாறாமல் வர வேண்டும். தமிழ்நாட்டு வாரியம் 2024-ல் பிரிந்து பெயர் மாறியது, பசுமை எரிசக்திக்குத் தனிக் கழகமே வந்தது. இன்னமும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தால் பேப்பர் படிப்பதில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள்.

7. கதவைத் தட்டும் விதம்

புனேயில் பிரயாஸ், டெல்லியில் சிஈஈடபிள்யூ, பெங்களூரில் சிஸ்டெப், நம் பக்கத்தில் ஆரோவில் கன்சல்டிங். எல்லோரும் எனர்ஜி ஆய்வு செய்கிறவர்கள். வசுதா ஃபவுண்டேஷன், தமிழ்நாடு அரசோடு சேர்ந்து ராமநாதபுரம் உள்ளிட்ட நான்கு மாவட்டங்களுக்குக் கார்பன் குறைப்புத் திட்டமே தயாரித்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தைப் பற்றிய ரிப்போர்ட்டை நீங்கள் படிக்காமல் வேறு யார் படிப்பார்?

படியுங்கள். அதில் வீட்டு சோலாரைப் பற்றிய ஒரு பத்தியை எடுங்கள். உங்கள் நாற்பது வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டு இரண்டே பக்கம் எழுதுங்கள். பாராட்டு வேண்டாம், குறை கண்டுபிடிக்கும் தோரணையும் வேண்டாம். "இந்த அசம்ப்ஷனை இப்படி மாற்றினால் முடிவு இவ்வளவு மாறுகிறது" என்ற ஒரு வரி இருந்தால் போதும். அதை அட்டாச் பண்ணி இன்டர்ன்ஷிப் கேளுங்கள். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் எ ஹார்ட் வொர்க்கர்" என்று தொடங்கும் மெயிலை ஒருவரும் திறப்பதில்லை.

முழு ஷீட்டையும் முதல் மெயிலிலேயே அனுப்பிவிடாதீர்கள். முடிவை அனுப்புங்கள், ஷீட்டைக் கேட்டால் இன்டர்வியூவில் காட்டுங்கள். வீட்டுக்காரர் பெயர், சர்வீஸ் நம்பர் எதுவும் அதில் இருக்கக் கூடாது. வீடு 1, வீடு 2 என்று மட்டும் போடுங்கள். நம்பி மீட்டர் அட்டையைக் காட்டியவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். நாளைக்கும் அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும்.

நாற்பது வீடு என்பது தினமும் ஒன்று வீதம் போனால் நாற்பது நாள் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டியது ஆறு: இரண்டு மாத யூனிட், பில் தொகை, இணைப்பு யார் பெயரில், சொந்த வீடா வாடகையா, கூரை என்ன, சோலார் போட்ட யாரையாவது நேரில் தெரியுமா. கடைசிக் கேள்விதான் பாஸின் இரண்டாவது எண். ரீடிங் எடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அடுத்த முறை அவர் உங்கள் தெருவுக்கு வரும்போது ஷீட்டில் நாற்பது வரி நிரம்பியிருக்க வேண்டும்.